அறளை அன்று, நோய்!

(சனசமூக நிலையக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லி எத்தனை முதியோரை நாம் திண்ணையோடு ஒதுக்கியிருக்கிறோம்! அது முதுமையின் விதியன்று; மூளையைத் தாக்கும் நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் மறதிநோயோடு வாழ்ந்தனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தோர்.

ஜப்பானை நோக்குங்கள். அங்கும் இந்நோய்க்கு வழங்கிய பழைய பெயர் மடமையையே குறித்தது. 2004ஆம் ஆண்டில் அரசு அப்பெயரை நீக்கிப் புதுப்பெயர் சூட்டியது. மறு ஆண்டில் மறதிநோய் ஆதரவாளர் இயக்கம் பிறந்தது. ஒன்றரை மணி நேர வகுப்பு. அடையாளமாக ஒரு செம்மஞ்சள் கைவளையம். அவ்வளவுதான்! வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளிச் சிறார் எனப் பயின்றோர் தொகை ஒரு கோடியைக் கடந்துவிட்டது. நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டு முதியோர் மலிந்த ஒமுத்தா நகரிலோ, ஒருவர் வழிதவறிய முதியவராக நடிக்க, ஊரார் அவரைத் தேடிக் கண்டு அன்போடு பேசிப் பழகும் ஒத்திகையையே நடத்தினர்.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்கிறது. சட்டத்தரணி என்ற முறையில் அதனை மதிக்கிறேன். ஆனால், பிள்ளை கனடாவில் இருக்க, அந்திவேளையில் வழிதவறிய தந்தையைச் சட்டப் புத்தகமா வீட்டுக்கு அழைத்துவரும்? அயலவனன்றோ அழைத்துவர வேண்டும்!

மற்றொன்று காணி. விளங்காத நிலையில் முதியவர் ஒப்பமிட்ட உறுதியை எதிர்த்து வழக்காடலாம்; வெல்லவுங் கூடும். ஆனால் தீர்ப்பு வருமுன் காணி கைமாறிவிடும், மனிதரும் மறைந்துவிடுவார். அதற்காக, நோயின் பெயரைக் கேட்ட அன்றே அவருடைய உரிமையைப் பறிப்பதும் அநீதியே. தெளிவுள்ள காலத்தில் அவர் விருப்பத்தைக் கேட்டு எழுத்தில் வைப்பதே முறை.

ஆகவே நான் கேட்பது கட்டடமன்று. ஊருக்குள் ஓர் உடன்பாடு. சனசமூக நிலையம் எல்லோரையும் அழைக்கட்டும். வைத்தியர் ஒன்றரை மணி நேரம் விளக்கட்டும். ஒரே பொருளை மூன்றுமுறை வாங்கவரும் அம்மாவைச் சங்கக்கடை முகாமையாளர் கடிந்துகொள்ளாது வீட்டாருக்கு அறிவிக்கட்டும். இறங்குமிடம் மறந்த ஐயாவைப் பஸ் நடத்துனர் தெரிந்தவரிடம் ஒப்படைக்கட்டும். நொத்தாரிசு, முதியவரைத் தனியே இருத்திக் கேட்டறியாது உறுதி முடிக்காதிருக்கட்டும். கிராம அலுவலரும் மாதர் சங்கமும் இவற்றை இணைத்து நடத்தட்டும்.

அவர்கள் நம் பெயரை மறக்கலாம். நாம் அவர்கள் பெயரை மறக்கலாகாது. முதல் வகுப்பை இதே மண்டபத்தில் வைப்போம். முதல் மாணவனாக நான் வந்து அமர்வேன்.