அது ஏன் பறக்கவில்லை?

(தலைப்பு: காட்டு உயிர்களைக் காப்பது சட்டமா? மனமா? – 'மனமே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னாலே பேசின தம்பி நம்ம எல்லாரையும் ஒரே தூக்கா அமெரிக்காவுக்குக் கொண்டு போயிட்டார். விசா இல்லாம! (சிரிப்பு) அங்கே காட்டு வான்கோழியை வில் அம்பு வச்சு வேட்டையாடுறாங்க. அதுக்குச் சீட்டு வாங்கணும், பருவம் உண்டு, எண்ணிக்கைக் கணக்கு உண்டு. ஆகவே சட்டம்தான் பறவையைக் காப்பாத்துச்சுன்னு முடிச்சார்.

தம்பி சொன்னதை நான் மறுக்கலை. கண்டபடி சுட்டுத் தள்ளினதுல, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல அங்கே பல மாநிலங்கள்ல அந்தப் பறவையே இல்லாமப் போச்சு. 1937ல ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கி, தோட்டா மேல போடுற வரி காட்டு உயிர்களுக்கே செலவாகணும்னு சொன்னது. 1970களில் வில்லும் அம்பும் அந்த வரிக்குள்ளே வந்துச்சு. இன்னைக்கு அங்கே வான்கோழிகள் லட்சக்கணக்கில் திரியுது. எல்லாம் சரி.

ஆனா நடுவர் அவர்களே, தம்பி நம்மளைக் காட்டு வாசலோட விட்டுட்டார். நான் உள்ளே கூட்டிட்டுப் போறேன்.

வான்கோழின்னா நமக்குக் கிண்டல். மயிலைப் பார்த்து ஆடினதுன்னு கேலி பண்ணுவோம். காட்டு வான்கோழி அப்படி இல்லை. கண்ணு ரொம்பக் கூர்மை. வில்லை இழுக்கக் கை அசைஞ்சாப் போதும், ஓடிப் போயிரும். அதனாலே வேடன் ஒரு சின்னக் கூடாரத்துக்குள்ளே ஒளிஞ்சுக்கிட்டு, பெட்டைக் கோழி மாதிரிக் குரல் கொடுப்பான். சேவல் தேடி வரும். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்து மாட்டிக்கிறது எந்த நாட்டிலேயும் ஆம்பளைதான்! (பலத்த சிரிப்பு)

வசந்த காலத்துல பெரும்பாலான மாநிலங்கள்ல சேவலை மட்டும்தான் அடிக்கலாம். ஏன்? பெட்டை முட்டையிடுற காலம் அது. இப்ப சொல்லுங்க. அவன் கூடாரத்துல தனியா இருக்கான். இருபது முப்பது அடி தூரத்துல பெட்டை வந்து நிக்குது. பக்கத்துல போலீஸ் இல்லை, ஜட்ஜ் இல்லை. இழுத்த நாணை விடாம நிறுத்துறது எது? சட்டமா? சட்டம் ஊருக்குள்ளே ஆபீஸ்ல இருக்கு, ஐயா! அங்கே அவன்கூட இருக்கிறது அவன் மனசு ஒண்ணுதான். (கைதட்டல்)

இதைப் படிச்சுச் சொல்லலை. பட்டுச் சொல்றேன்.

ஆதிச்சநல்லூர்ப் பரம்புக்குப் பக்கத்து ஊர்தான் என் ஊரு. அந்தப் பரம்பைத் தோண்டினப்போ தாழிகளோட இரும்பு அம்பு முனைகளும் கிடைச்சது. ஆக, வில்லும் அம்பும் எங்க மண்ணுக்குப் புதுசு இல்லை. 1970ஆம் வருஷம், கோடை லீவு. எனக்குப் பத்து வயசு. மூங்கிலை வளைச்சு, சணல் கயிறு கட்டி ஒரு வில். கிழிஞ்ச குடையோட கம்பியைக் கல்லுல தேய்ச்சு அம்பு. நான்தான் அர்ச்சுனன்!

ஒரு உடைமரத்துப் புதருக்கு அடியிலே கௌதாரி ஒண்ணு உட்கார்ந்திருந்துச்சு. நான் கிட்டே போறேன், அது அசையலை. இன்னும் கிட்டே போறேன். அசையலை. விட்டேன். பட்டுது.

வீட்டுக்கு ராஜா மாதிரி தூக்கிட்டு வந்தேன். திண்ணையிலே ஆச்சி இருந்தா. அடிக்கலை, வையலை. கையிலே வாங்கிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா:

"ஏலே, இது ஏன் பறக்கல?"

எனக்குப் பதில் தெரியலை. "வா, அந்த இடத்தைக் காட்டு"ன்னு கூட்டிட்டுப் போனா. புதருக்குள்ளே ஏழு முட்டை. என் திறமையிலே அது சாகலை, பெருமக்களே. முட்டையை விட்டு எந்திரிக்க மனசில்லாமச் செத்துச்சு.

ஆச்சி முட்டைகளை முந்தானையிலே அள்ளிட்டு வந்து வீட்டு அடைக்கோழிக்கு வச்சா. தினமும் போய்ப் பார்த்தேன். மூணு வாரம் ஆச்சு. ஒண்ணுகூடப் பொரிக்கலை. அன்னைக்கு ராத்திரி என் வில்லை நானே அடுப்புல வச்சேன்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவுக்கு வந்தது 1972ல. என் வில்லு அடுப்புக்குப் போனது 1970ல! (நீண்ட கைதட்டல்)

என் கதை ஒருத்தன் கதைன்னு தம்பி சொல்லலாம். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கு. தாமிரபரணியோட துணையாறு மணிமுத்தாறு. அந்த அணைத் தண்ணி கால்வாய் வழியா வந்து குளத்தை நிரப்புது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்து மரத்துல மட்டுமா கூடு கட்டுது? ஊருக்குள்ளே, வீட்டு மரத்துலயும் கட்டுது. அந்த ஊர்க்காரங்க தீபாவளிக்குக்கூட வெடி போடுறதில்லை. குஞ்சு கீழே விழுந்தா எடுத்து வளர்க்கிறாங்க. பறவை எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம்னும் அவங்களுக்குத் தெரியும். அரசாங்கம் அதைச் சரணாலயம்னு அறிவிச்சது 1994ல. ஊர் காத்து வச்சதுனாலேதான் அரசாங்கம் அறிவிக்கிறதுக்கு அங்கே பறவை இருந்துச்சு!

சட்டம் வேண்டாம்னு நான் சொல்லலை. வேலி வேணும். ஆனா வேலிக்குள்ளே பயிர் வேணுமே! "கௌதாரிக் கறி இருக்கு, அண்ணாச்சி"ன்னு காதோரமா ஒருத்தன் வந்து சொல்றப்போ, "வேண்டாம்ப்பா"ன்னு சொல்ற வாய் சட்டத்தோட வாய் இல்லை, உங்க வாய். வாங்குறவன் இல்லேன்னா வலை விரிக்கிறவன் ஏது?

அமெரிக்கக்காரன் புத்தகத்துல எழுதி வச்சதும் எங்க ஆச்சி திண்ணையிலே கேட்டதும் ஒண்ணுதான். முட்டை மேல இருக்கிறதைத் தொடாதே. அவன் பிரிவு நம்பர் போட்டு எழுதினான். எழுதப் படிக்கத் தெரியாத எங்க ஆச்சி கேள்வியாக் கேட்டா. அந்தக் கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் நான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்.

எனவே, காட்டு உயிர்களைக் காப்பது மனமே, மனமே என்று கூறி விடைபெறுகிறேன். (கைதட்டல்)