வாசலில் நின்றவர்

2019 அக்டோபர் 2. திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரியின் சுவரில் துளை போட்டு, விலங்கு முகமூடியோடு இருவர் நுழைந்தார்கள். போனது சுமார் 13 கோடி ரூபாய் நகை. கேமராவில் தெரிந்தது இரண்டு பேர்தான். கைதானவர்கள் அதைவிட அதிகம். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்து காபிக் கடைகளிலும் அதே பேச்சு. "வெளியே நின்றவனுக்கும் தண்டனையா சார்?"

நகைக்கடையில் நடந்தது களவு. ஆயுதக் கொள்ளை என்றால் சட்டம் இன்னும் கறார். 1923இல் கல்கத்தா சங்கரிதோலா தபால் நிலையத்தில் பணம் கேட்டுச் சுட்டதில் போஸ்ட் மாஸ்டர் இறந்தார். பிடிபட்ட பரேந்திரகுமார் கோஷ், "நான் முற்றத்தில்தான் நின்றேன்" என்றார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் பலிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நோக்கம் என்று நிரூபணமானால், காவல் நின்றதும் குற்றத்தில் பங்குதான். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 3(5) பிரிவாக, அதே விதி.

ஐந்து பேர் சேர்ந்தால் கூட்டுக்கொள்ளை. அதில் ஒருவர் கொலை செய்தாலும் மரண தண்டனை வரை எல்லோருக்கும் வரலாம். எனக்கு நியாயமாகப் படும் விலக்கு ஒன்று உண்டு: கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியதற்கான குறைந்தபட்ச ஏழாண்டு, அதைப் பயன்படுத்தியவருக்கு மட்டுமே. 1975இல் பூல்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.