அலைபேசித் தளநிலையமும் திறமூல மென்பொருளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரயில்வே குமாஸ்தா அலைபேசி விஞ்ஞானம் பேசலாமா எனச் சிலர் ஐயுறலாம். விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவர் சொற்படி நடக்குமா? இந்தக் குடும்பக் கேள்வியை ஆராயவே நான் வந்துள்ளேன்.

ஜி.எஸ்.எம். என்னும் இரண்டாம் தலைமுறை அலைபேசி முறையில் மூன்று படிகள் உண்டு. நம் கைபேசியோடு வானொலி அலைகளால் உரையாடுவது தளநிலையம். அத்தகைய நிலையங்கள் பலவற்றை நடத்துவது கட்டுப்பாட்டகம். அழைப்புகளை இணைப்பது அதற்கு மேலுள்ள இணைப்பகம். பின்னிரண்டுக்கும் இடையிலான வழி செம்மையாக வகுக்கப்பட்டிருந்தது. தளநிலையத்திற்கும் கட்டுப்பாட்டகத்திற்கும் இடையிலான 'ஏபிஸ்' வழியிலோ அந்தச் செம்மை இல்லை.

ரயில்வேக் காலனியில் வாழும் நமக்கு இதனை எளிதில் விளக்கலாம். தண்டவாளத்தின் அகலம் எங்கும் ஒன்று எனக் கொள்வோம். ஆனால் கைகாட்டியின் பொருள் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்றால் வண்டி எங்ஙனம் ஓடும்? ஏபிஸ் வழியின் நிலையும் அதுவே. வினாடிக்கு 2.048 மெகாபிட் செல்லும் ஈ1 கம்பி எல்லாருக்கும் பொது. அழைப்பை ஏற்படுத்தும் செய்திகளும் பெரும்பாலும் பொது. ஆனால் நிலையத்தை இயக்கத்திற்குக் கொணர்தல், அலைவரிசை குறித்தல், பழுது அறிதல் ஆகிய கட்டளைகள் எரிக்ஸனுக்கு ஒருவிதம், நோக்கியாவிற்கு ஒருவிதம், சீமென்ஸுக்கு வேறுவிதம். ஆகவே ஒரு கம்பெனியிடம் தளநிலையம் வாங்கியவர், கட்டுப்பாட்டகத்திற்கும் அக்கம்பெனியின் வாசலிலேயே நிற்க நேர்ந்தது.

இந்தப் பூட்டைத் திறக்க ஜெர்மனியில் சிலர் முனைந்தனர். ஹரால்ட் வெல்ட்டே, டீட்டர் ஸ்பார் ஆகியோர் சீமென்ஸ் பி.எஸ்.-11 என்னும் பழைய தளநிலையத்தின் மொழியைக் கற்று, சாதாரணக் கணினி ஒன்றே அதனை நடத்தும்படி செய்து, 2008 டிசம்பரில் பெர்லின் மாநாடு ஒன்றில் விளக்கினர். 'ஓப்பன்பிஎஸ்சி' என்னும் அம்மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். பின்னர் ஐபி.ஆக்சஸ் கம்பெனியின் நானோபிடிஎஸ், எரிக்ஸனின் ஆர்.பி.எஸ்.2000, நோக்கியாவின் சில நிலையங்கள் ஆகியனவும் அதனோடு இணங்கின. ஆனால் ஒவ்வொன்றின் மொழியையும் தனித்தனியே கற்க வேண்டியிருந்தது. எழுதி வைக்காத விதிக்குப் பிறர் செலுத்திய அபராதம் அந்த உழைப்பு!

இதனால் சாமானிய மக்களுக்கு என்ன பயன்? மெக்ஸிகோவின் ஒஹாகா மாநிலத்தில் தாலேயா தே காஸ்ட்ரோ என்னும் மலையூருக்குப் பெரிய கம்பெனிகள் சேவையளிக்க முன்வரவில்லை. 2013-இல் அவ்வூரார், ரைஸோமாட்டிக்கா என்னும் அமைப்பின் துணையோடும் திறமூல மென்பொருளோடும் தங்களுக்கென ஓர் அலைபேசி அமைப்பை நிறுவிக்கொண்டனர். பெட்டி தன்னைச் செய்த கம்பெனிக்கு மட்டுமே கட்டுப்படும் என்றிருந்தால், ஊரார் ஒற்றுமை ஒன்றினால் மட்டும் அது கைகூடியிருக்குமோ?

நான்காம் தலைமுறையில் நிலை சீர்பட்டுள்ளது. தளநிலையத்தையும் மைய வலையமைப்பையும் இணைக்கும் 'எஸ்1' வழியைத் தரநூல் தெளிவாக வகுத்துள்ளது. ஆகவே கம்பெனிகள் விற்கும் தளநிலையங்களை 'ஓப்பன்5ஜிஎஸ்' போன்ற திறமூல மையத்தோடு இணைக்க இயல்கிறது. எனினும் நிலையத்தின் சொந்த அமைப்புக் கட்டளைகள் இன்றும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகின்றன. நிலையத்திற்குள்ளேயே உள்ள பகுதிகளை வெவ்வேறு கம்பெனிகளிடம் வாங்கி இணைக்கும் வழி காண, 2018-இல் ஓ-ரான் கூட்டமைப்பு தோன்றியது.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களில் பலர் பொறியாளராவீர்கள். சிலர் பொதுப் பணத்தில் இயந்திரம் வாங்கும் பொறுப்பையும் ஏற்பீர்கள். அப்போது விலையை மட்டும் கேளாதீர்கள். "இதன் கட்டளைகள் அனைத்தும் எழுத்தில் கிடைக்குமா? பிறர் மென்பொருளோடு இணைத்துச் சோதித்துக் காட்டுவீரா?" என்றும் கேளுங்கள். அரசின் உரிமமின்றி அலைபரப்புதல் குற்றம் என்பதையும் மறவாதீர்கள். சாவி பிறர் கையில் இருக்க, வீட்டை மட்டும் நம்முடையது என்று சொல்லிக்கொள்வதில் பெருமை இல்லை.