கையெழுத்து ஓர் அமானிதம்

(விமானப் பராமரிப்புப் பொறியாளர் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்கு ஒரு விமானம் கிளம்பியது. 17 ஆயிரம் அடி உயரத்தில் விமானியின் முன்னிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானியின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவருடைய கால்களை இறுகப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைச் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். இறைவன் அருளால் அனைவரும் பிழைத்தார்கள்.

காரணம் என்ன? அந்தக் கண்ணாடி 27 மணி நேரத்திற்கு முன், இரவுப் பணியில் புதிதாகப் பொருத்தப்பட்டது. மொத்தம் 90 போல்ட்டுகள். அவற்றில் 84 போல்ட்டுகளின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை! மீதி 6 போல்ட்டுகள் நீளம் குறைந்தவை. பொருத்தியவர் அனுபவசாலிதான். ஆனால் பாகப் பட்டியலைப் புரட்டிப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்துவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அந்த வேலைக்கு இல்லை.

தம்பிகளே, நீங்கள் எழுதப் போகும் தேர்வு எதற்காக என்பதை இந்தச் சம்பவம் சொல்லிவிடுகிறது. பழுது பார்த்து முடித்த விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடும் அதிகாரத்திற்காகத்தான் இந்தத் தேர்வு. அந்தக் கையெழுத்து ஓர் அமானிதம். விமானத்தில் ஏறுகிறவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் தங்கள் உயிரை உங்களிடம் ஒப்படைத்துவிட்டு ஏறுகிறார்கள்.

நானும் முதல் முறை தோற்றவன்தான். பழைய வினாக்களைத் திரட்டி, விடைகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டிருந்தார்கள், தடுமாறிவிட்டேன். அன்று தேறியிருந்தால், எதையும் புரிந்துகொள்ளாமலே கையெழுத்துப் போடும் இடத்திற்கு வந்திருப்பேன். தோற்றது நல்லதாகப் போயிற்று. அதன்பின் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். மின்சாரம், காற்றியக்கம் ஆகியவற்றை முதலில் தமிழில் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் படித்தேன். தமிழ் வழியில் படித்த பிள்ளைகளே, கூச்சப்படாதீர்கள். புரிந்துவிட்டால் மொழி பின்னாலேயே வந்துவிடும்.

பராமரிப்பு நடைமுறைகள் 7-ஆவது மாட்யூல். மனிதத் தவறுகளைப் பற்றியது 9-ஆவது. விமானச் சட்டம் 10-ஆவது. மாணவர்களில் பலர் இவற்றை ‘சும்மா வாசித்தால் போதும்’ என்று ஒதுக்குகிறார்கள். அந்த 84 போல்ட்டுகளின் கதை இந்த மாட்யூல்களுக்குள்தான் இருக்கிறது. இரவுப் பணியின் களைப்பு, ஆள் குறைவு, அவசரம், ‘எனக்குத் தெரியும்’ என்ற எண்ணம் ஆகிய நான்கும் சேர்ந்தால் திறமைசாலியும் தவறு செய்வான்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி தரும் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. உரிமத்தை வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். மாட்யூல்களில் தேற வேண்டும். விமானங்களில் வேலை செய்த அனுபவமும் வேண்டும். அதன்பிறகும், ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட வகை விமானத்திற்குக் கையெழுத்திட அந்த வகைக்கான தனித் தகுதி பெற வேண்டும். வளைகுடாவில் வேலை என்றால் அந்தந்த நாட்டு விதிகள் வேறு. ஆகவே ‘சேர்ந்தால் போதும், துபாய் வேலை உறுதி’ என்ற விளம்பரத்தை நம்பி நகையை விற்காதீர்கள். அந்த நிறுவனம் டி.ஜி.சி.ஏ.வின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம், முந்தைய மாணவர்களில் எத்தனை பேர் உரிமம் வாங்கினார்கள் என்று கேட்டபின் பணத்தைக் கட்டுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! போராடி, 2007-இல் தமிழகத்தில் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு பெற்றோம். அது நம் உரிமை. ஆனால் இந்தத் தேர்வில் ஒதுக்கீடு கிடையாது. தேற 75 விழுக்காடு என்றால் எல்லோருக்கும் 75தான். போல்ட்டு சாதி மதம் பார்ப்பதில்லை. எனவே இங்கே நாம் செய்ய வேண்டியது வேறு. பைத்துல்மாலிலிருந்து தேர்வுக் கட்டணத்திற்கு வட்டியில்லாக் கடன் கொடுங்கள். ஃபஜ்ருக்குப் பின் கூடிப் படிக்க மதரஸாவில் ஓர் அறை ஒதுக்குங்கள். பெண்பிள்ளைகளுக்கும் தனி நேரம் கொடுங்கள். உரிமம் வாங்கிய மூத்தவர்கள் ஊருக்கு விடுமுறையில் வரும்போது ஒரு வகுப்பாவது எடுக்கச் சொல்லுங்கள்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர். விமானியாக விரும்பினார், அந்த வாய்ப்புக் கைநழுவியது. அதற்காக அவர் முயற்சியைக் கைவிட்டுவிடவில்லை. ஒரு முறை தவறியவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்னார்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்). துஆ செய்யுங்கள், அதற்கு முன் பாடத்தைப் புரிந்து படியுங்கள். நாளை உங்கள் கையெழுத்தை நம்பி ஒரு தாய் கைக்குழந்தையோடு விமானம் ஏறுவாள். அவள் பத்திரமாக இறங்கும்படி படிப்பதும் ஓர் இபாதத்தே.

வல்ல ரஹ்மான் உங்கள் முயற்சியை ஏற்று வெற்றி தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.