பாட்டுக் கட்டிய தபால்காரர்



வேலை நேரத்தில் பிள்ளைகள் பாட்டை முணுமுணுத்தால், "முதலில் வேலையைப் பார்" என்று நாம் அதட்டுகிறோம். வீட்டிலும் அப்படித்தான், பள்ளியிலும் அப்படித்தான். வேலை செய்துகொண்டே பாட்டுக் கட்டிய ஒரு தொழிலாளியின் கதையை இன்று அறிந்துகொள்வோம்.

அவர் பெயர் ஜான் பிரைன். 1946-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிக்காகோ நகரை அடுத்த மேவுட் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் தபால்காரராக வேலை பார்த்தார். இடையே இராணுவத்திற்கு அழைக்கப்பட்டு, மேற்கு ஜெர்மனியில் வண்டி பழுது பார்த்தார். திரும்பி வந்து மீண்டும் தபால் பையைத் தோளில் மாட்டினார். வீடு வீடாக நடக்கும்போதே மனத்திற்குள் பாட்டுகள் உருவாயின.

அவர் எதைப் பாடினார்? தாம் கண்டதைப் பாடினார். பிள்ளைகள் பிரிந்துபோன வீட்டில் பேச ஆளின்றி வாழும் முதியவர்களைப் பாடினார். போரிலிருந்து திரும்பிப் போதைக்கு அடிமையான சிப்பாயைப் பாடினார். அமெரிக்க நாட்டுப்புற இசையும் கிராமத்து இசையும் கலந்த எளிய மெட்டு, கையில் ஒரு கித்தார், அவ்வளவுதான்.

அவருடைய பெற்றோர் கெந்தக்கி மாநிலத்து முலன்பர்க் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே பசுமை ஆற்றங்கரையில் பாரடைஸ் என்று ஒரு சிற்றூர் இருந்தது. 'சொர்க்கம்' என்பது அதன் பொருள். நிலத்தின் மேற்பரப்பையே வாரி எடுத்து நிலக்கரி தோண்டினார்கள். பக்கத்து மின் நிலையத்தின் சாம்பலும் வீடுகளின்மேல் படிந்தது. 1967-ஆம் ஆண்டளவில் மக்கள் வெளியேறினர். ஊரே இல்லாமற் போயிற்று. அந்த ஊரைப் பற்றித் தம் தந்தைக்காக அவர் ஒரு பாட்டு எழுதினார். ஒலிநாடாவைப் போட்டதும், தந்தை அடுத்த அறைக்குப் போய் இருட்டில் அமர்ந்து கேட்டாராம். தாம் வாழ்ந்த இடம் மண்ணோடு போனபின் அதன் பெயரை மகன் வாயால் கேட்பது எப்படி இருக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1971-இல் முதல் இசைத்தட்டு வெளியாயிற்று. தொடர்ந்து இரண்டு பெரிய கம்பெனிகளுக்காகப் பாடினார். கம்பெனி பணம் போடும், விளம்பரம் செய்யும். ஆனால் எந்தத் தட்டு வெளிவர வேண்டும், எது கடையில் இருக்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கும்.

1981-இல் அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். தம் மேலாளர் அல் புனெட்டாவுடன் சேர்ந்து 'ஓ பாய்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பிறர் தோட்டத்தில் பால் வெட்டுவதற்கும், சொந்தமாக இரண்டு ஏக்கர் மரம் வைத்து வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இலாபமும் நம்முடையது, நட்டமும் நம்முடையது. தட்டு வெளிவருமுன்பே இரசிகர்கள் தபாலில் பணம் அனுப்பினார்கள். ஒரு காலத்தில் தபால் சுமந்தவரைப் பின்னாளில் தபால்தான் சுமந்தது.

பலன் உடனே வந்துவிடவில்லை. பத்தாண்டுக் காலம் பொறுத்திருந்தார். 1991-இல் வெளிவந்த 'த மிஸ்ஸிங் இயர்ஸ்' என்ற இசைத்தட்டு கிராமி விருது பெற்றது.

1998-இல் கழுத்தில் புற்றுநோய். சிகிச்சைக்குப் பின் குரல் கரகரத்துத் தாழ்ந்துவிட்டது. அவர் பாட்டை விடவில்லை. அந்தக் குரலுக்கு ஏற்றபடி சுருதியை இறக்கிக்கொண்டார். 2013-இல் நுரையீரலிலும் நோய் கண்டது. அறுவைக்குப் பின் மாடிப்படிகளில் ஏறி இறங்கி மூச்சைப் பழக்கி, மீண்டும் மேடையேறினார். 2018-இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. 2020 ஏப்ரல் 7-ஆம் நாள், கோவிட் நோயால், 73-ஆம் வயதில் காலமானார்.

நேயர்களே, பாட்டை நம்பித் தபால் வேலையை விடுவதற்குமுன், அவர் பல காலம் இரண்டையும் சேர்த்தே செய்தார். எனவே, "படிப்பை விட்டுப் பாடப் போ" என்று பிள்ளைகளிடம் நாம் சொல்லப் போவதில்லை. ஆனால் முணுமுணுக்கும் பிள்ளையை அதட்டுமுன், "என்ன பாட்டு அது?" என்று ஒரு முறை கேட்போம். அது நம் லயத்தைப் பற்றிய பாட்டாகவும் இருக்கலாம். நாளை அந்த லயம் இல்லாமற் போனாலும், பாட்டு இருக்கும்.