பெயர் எழுதப்படாத கரங்கள்

(வேடந்தாங்கலில் நடைபெற்ற ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் நம் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தியின் எழுத்து வடிவம்)

 

இந்த ஊர் ஏரிக்கு வருகிறவர்கள் கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் பார்த்துவிட்டு, சந்தோஷமாக வீடு திரும்புகிறார்கள். ஊராரைக் கவனிப்பவர்கள் குறைவு. ஆனால் இந்தப் பறவைகள் இங்கே தங்குவதற்குக் காரணம் இவ்வூர் ஜனங்களே. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேட்டையாட வந்த காலத்தில் ஊரார் எதிர்த்து முறையிட்டார்கள். 1798-ல் அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குச் சாதகமாக ஆணை பிறப்பித்தார். இன்றுவரை தீபாவளி அன்றும் இங்கே வெடிச்சத்தத்தை அடக்கிக்கொள்கிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. 2022-ல் இந்த ஏரி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கலெக்டரின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. இருநூறு ஆண்டுகளாக வெடியை அடக்கிக்கொண்ட வீட்டுப் பிள்ளைகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இன்று நான் பேச விரும்புவது இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான். வியாதியின் நடுவில் தளராமல் நின்றவர்கள், அப்படி நின்றவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள், ஆனால் பெயர் எழுதப்படாதவர்கள்.

வேதத்தில் இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் ஐந்தாம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் பராக்கிரமசாலி, ஆனாலும் குஷ்டரோகி. வேதத்தில் அந்தச் சொல் பலவித சரும நோய்களையும் குறிக்கும் என்று அறிஞர்கள் சொல்வார்கள், அது இருக்கட்டும். அந்த அதிகாரத்தில் நாகமானுக்கு வழி காட்டியது யார்? சிறைபிடிக்கப்பட்டு வந்து அவன் மனைவிக்குப் பணிவிடை செய்த ஒரு சிறுபெண். அவளுக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. யோர்தானில் முழுகச் சொன்னபோது கோபித்துக்கொண்டு திரும்பிய அவனை நயமாகப் பேசி மனம் மாற்றியது யார்? அவன் வேலைக்காரர்கள். அவர்களுக்கும் பெயர் இல்லை. அந்தச் சிறுபெண் வாயைத் திறவாதிருந்தால் அன்று சுகமும் இல்லை, சாட்சியும் இல்லை.

இதே காரியம் நம் செங்கல்பட்டு மண்ணிலும் நடந்திருக்கிறது. இங்கிருந்து புறப்பட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள திருமணியை அடையலாம். இன்று அங்கே மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1955-ல் அரசு ஏற்று நடத்துவதற்கு முன் அது லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லமாக இருந்தது. அந்நாட்களில் அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டாரால் தள்ளப்பட்டவர்கள். மருந்து என்றால் நீரடிமுத்து எண்ணெய் ஊசி. வாரந்தோறும் போட்டுக்கொள்ள வேண்டிய, வலி மிகுந்த ஊசி. 1940-களின் பிற்பகுதியில்தான் சல்போன் மருந்து நம் நாட்டில் பயனுக்கு வந்தது.

1947-ல் ஒருநாள் டாக்டர் ராபர்ட் காக்ரேன் தம்மோடு ஓர் இளம் அறுவைச் சிகிச்சை நிபுணரைத் திருமணிக்கு அழைத்து வந்தார். அவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து ஊழியம் செய்துகொண்டிருந்தார். இல்லத்தில் விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்துபோன கைகளை வரிசையாகக் கண்டார். எலும்பு, மூட்டு அறுவை செய்கிறவர்கள் எவரும் இந்தக் கைகளைக் கவனித்ததில்லை என்று அறிந்தபோது அவர் ஆச்சரியப்பட்டார்.

அங்கிருந்த நோயாளி ஒருவரின் கைக்குள் தம் கையை வைத்து, பலமாய் அழுத்தச் சொன்னார். வளைந்துபோன அந்தக் கையில் பலமே இருக்காது என்று எண்ணியிருந்தார். ஆனால் அந்த மனிதர் அழுத்தியபோது நகங்கள் சதையில் பதிந்து, டாக்டருக்கு வலி பொறுக்க முடியவில்லை. செத்துப்போனதாக எல்லாரும் கைவிட்ட கையில் அத்தனை பலம் மீந்திருந்தது! நோய் சில நரம்புகளைத்தான் கெடுக்கிறது, முன்கையின் பெரிய தசைகள் நல்லபடியாக இருக்கின்றன என்பது அவருக்கு அன்று விளங்கிற்று. அப்படியானால் நல்ல தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரலுக்கு மாற்றிப் பொருத்தலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

பிரியமானவர்களே, டாக்டர் பிராண்டின் பெயர் உலகமெங்கும் தெரியும். 2003-ல் அவர் மரித்தபோது பல தேசத்தார் அவரை நினைவுகூர்ந்தார்கள். தன் கையை நீட்டி அழுத்திக் காட்டிய அந்தத் திருமணி நோயாளி யார்? நமக்குத் தெரியாது. அவர் அன்று வெட்கப்பட்டுக் கையைத் துணிக்குள் மறைத்திருந்தால் என்னவாயிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அதன்பின் வேலூரில் முதல் அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின. முன்மாதிரி இல்லாத சிகிச்சை அது. பலிக்குமா பலிக்காதா என்று மருத்துவருக்கே தெரியாது. அந்நிலையில் தங்கள் கையை ஒப்புக்கொடுத்தவர்கள் அநேகம் பேர் தெருவில் பிச்சையெடுத்துப் பிழைத்தவர்கள். கத்தி வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் நோயாளியின் வேலை ஆரம்பம். முன்பு வேறொரு வேலை செய்த தசைக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பென்சில் பிடிப்பது, உருண்டை பிடித்துச் சோறு உண்பது, பொத்தான் போடுவது, எல்லாம் குழந்தையைப்போல முதலிலிருந்து, நாள்தோறும், வாரக்கணக்காக. உடன் அமர்ந்து விரல் விரலாக நீட்டி மடக்கச் செய்த உதவியாளர்களின் பெயரும் எங்கும் பெரிதாக எழுதப்படவில்லை.

இன்னொரு காரியமும் அங்கே கண்டறியப்பட்டது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்பது அக்காலத்து எண்ணம். அது தவறு. வலி தெரியாததால் அடுப்பில் சுட்டுக்கொள்கிறார்கள், ஆணி குத்தினாலும் அறியாமல் நடக்கிறார்கள், புண் ஆழமாகி விரல் போகிறது. சிலருக்கு ஒரே இரவில் விரலில் புதுக் காயம் வந்தது ஏன் என்று விசாரித்தபோது, தூங்குகையில் எலி கடித்திருந்தது தெரிந்தது. வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்! கேட்கச் சிரிப்பாக இருக்கும்; ஆனால் அந்தப் பூனை எத்தனை விரல்களைக் காத்ததோ, ஆண்டவர் அறிவார்.

சிகிச்சை பெற்றவர்கள் சிலர் மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார்கள். கை நன்றாகிவிட்டதால் இனிப் பிச்சை கிடைக்கவில்லை. தொழுநோயாளி என்று தெரிந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. சுகமான கை அவர்களைப் பட்டினி போட்டது. கையைச் சரிசெய்தால் மனிதனைச் சரிசெய்ததாகாது என்று அன்று மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் அந்த நோயாளிகளே. அதன் விளைவாக 1951-ல் வேலூர்க் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் எழும்பிற்று. தச்சு வேலையும் பொம்மை செய்யும் தொழிலும் அங்கே கற்றுக்கொடுக்கப்பட்டன.

டாக்டர் மேரி வர்கீஸின் வரலாற்றை உங்களில் பலர் அறிவீர்கள். 1954-ல் வாகன விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனவர். பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற ஆசை அதோடு முடிந்தது. ஆனால் கைகள் இருந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் பயின்றார். நடக்க முடியாத ஒருவர், பிடிக்க முடியாதவர்களுக்குக் கை கொடுத்தார். பின்பு புனர்வாழ்வு மருத்துவம் படித்து, அத்துறையை வேலூரில் கட்டியெழுப்பினார். 1966-ல் அங்கே புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவர் தைரியசாலிதான். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவரைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் அமர்த்திய கரங்கள் இருந்தன. படுக்கைப்புண் வராதபடி புரட்டிப் படுக்கவைத்த செவிலியர் இருந்தார்கள். திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு சுமந்து, கூரையைப் பிரித்து இயேசுவண்டை இறக்கிய நாலு பேரைப்போல, இவர்களும் பெயரில்லாமல் சுவிசேஷத்துக்குள் நிற்கிறவர்கள். தனியாகத் தைரியமாயிருந்த நோயாளியை என் ஊழியத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை. தைரியம் என்பது பகிர்ந்து உண்ணும் அப்பத்தைப்போலத்தான் மருத்துவமனையில் கிடைக்கிறது.

வார்டுகளில் நாள்தோறும் நாம் காண்பதும் இதுவே. கணவனுக்கு டயாலிசிஸ் முடியும்வரை வராந்தாவில் பூக்கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் மனைவி. இரவு இரண்டு மணிக்கு வாந்தியைத் துடைத்துவிட்டு, முகம் சுளிக்காமல், "ஒண்ணுமில்லம்மா, படுத்துக்கோங்க" என்று சொல்லும் துப்புரவுப் பணியாளர். பக்கத்துக் கட்டில்காரருக்குத் தன் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுக்கும் முதியவர். இவர்களை வீரர்கள் என்று அழைத்தால் சிரிப்பார்கள்.

வியாதியில் பெலன் என்றால் என்ன? அழாதிருப்பது பெலன் அல்ல. நம் ஆண்டவரே கெத்செமனேயில் வியாகுலப்பட்டு, சீஷர்களைத் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். திருமணியின் கை நமக்குச் சொல்வது வேறு. போனது எது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். மீந்திருப்பது எது என்று தொட்டுப் பார்க்க ஒருவர் வேண்டும். அப்படித் தொட வருகிறவரிடம் கையை நீட்ட நோயாளிக்குத் துணிவு வேண்டும். இந்த இரண்டும் சந்திக்கும் இடமே மிஷன் ஆஸ்பத்திரி. குஷ்டரோகியைச் சொல்லால் மாத்திரம் குணமாக்க வல்லவரான இயேசு, கையை நீட்டித் தொட்டது இதற்காகவே என்று நான் விசுவாசிக்கிறேன்.

தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தபின் கோடிக்கணக்கானோர் சுகம் பெற்றது உண்மை. 2005-ல் நம் தேசத்தில் நோய் விகிதம் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே வந்தது. ஆனால் இன்றும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1 லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. உலகில் புதிதாகக் காணப்படுவோரில் பாதிக்கு மேல் நம் நாட்டவர். தொழுநோயாளிகளை அடைத்துவைக்க வகைசெய்த 1898-ம் வருடத்துச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற சட்டப்பிரிவு 2019-ல்தான் நீங்கிற்று. சட்டம் மாறிவிட்டது. பந்தியில் பக்கத்தில் உட்காரும் நம் மனம் மாறிவிட்டதா?

மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் கிருமி ஒழியும். ஆனால் ஏற்கெனவே மரத்துப்போன கைகால் மரத்தபடியேதான் பலருக்கு இருக்கும். அவர்கள் ஆயுள்முழுதும் தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் பூசி, காயம் உண்டா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வலி சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு பாட்டில் எண்ணெய், மிருதுவான ரப்பர் வைத்துத் தைத்த ஒரு ஜோடி செருப்பு, மருத்துவமனைக்கு வந்துபோக இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம். இரண்டு பேருக்கு என்று சொன்னதைக் கவனியுங்கள். கூட வருகிறவருக்கும் அன்று கூலி போகிறது.

உங்கள் காணிக்கையைப் பெரிய கட்டடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எண்ணாதேயுங்கள். கட்டடத்தில் கல்வெட்டு வைக்கலாம். செருப்பில் பெயர் பொறிக்க முடியாது. ஆனால் அந்தச் செருப்பு ஒரு காலைக் காக்கும். பணம் கொடுக்க இயலாதவர்களுக்கும் வேலை உண்டு. உங்கள் தெருவில் உணர்ச்சியற்ற, வெளிறிய தேமல் உள்ள எவரையாவது கண்டால், நாகமானின் வீட்டுச் சிறுபெண்ணைப்போல அன்பாய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பயமுறுத்த வேண்டாம், ஊரைக் கூட்ட வேண்டாம். "வாங்க, நானும் கூட வர்றேன்" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போங்கள். சபையில் வியாதிப்பட்டவர் வீட்டுக்குப் போகும்போது அவருக்காக ஜெபித்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் மருமகளையும் பெயர் சொல்லி அழைத்து, அவளுக்காகவும் ஜெபியுங்கள். ஒரு மத்தியானம் அவளைத் தூங்கச் சொல்லி, நீங்கள் காவலிருங்கள்.

ஜெபிப்போம். எங்கள் பரம பிதாவே, பெயர் அறியப்படாத உம்முடைய பிள்ளைகளை நீர் பெயர் சொல்லி அழைக்கிறபடியால் உம்மைத் துதிக்கிறோம். வியாதியில் இருக்கிறவர்களுக்கு மீந்திருக்கும் பெலனைக் காட்டியருளும். அவர்களருகே விழித்திருக்கிறவர்களைத் தாங்கும். நீட்டப்படும் கையைப் பிடிக்க எங்கள் கைகளைத் திறந்தருளும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம். ஆமென்.