இனிவரும் உலகில் வேலை நேரம் எத்தனை மணி?
(மும்பையில் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடுத்த நூறாண்டில் உலகம் எப்படி இருக்கும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கைரேகை பார்த்து ஆருடம் சொல்ல நான் வரவில்லை. முன்பு சொன்னவர்கள் சொன்னது என்ன, நடந்தது என்ன என்று கணக்குப் பார்க்கலாம் என்றே வந்தேன்.

தந்தை பெரியாரின் ‘இனிவரும் உலகம்’ 1940களில் நூலாக வந்தது. கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசலாம் என்றார். ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளை பிறக்கும், அரசர்கள் இருக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். கேட்டவர்களில் எத்தனை பேர் சிரித்தார்களோ! 1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தது. 1978-இல் இங்கிலாந்தில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. 1995-இல் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லிக்குக் கைப்பேசியில் பேசினார். இன்று உங்களில் பாதிப்பேர் ஊரிலுள்ள தாயாரை முகம் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள்.

ஆனால் அதே நூலில் அவர் இன்னொன்றும் சொன்னார். சொற்ப நேரம் உழைத்தால் போதும், இழிவான வேலை என்பதே இராது என்றார். அது வந்ததா?

பெரியார் மட்டுமல்ல, 1930-இல் கெயின்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞரும் கணக்குப் போட்டார். அவர் நம் கட்சிக்காரர் அல்ல. முதலாளித்துவத்தைக் காப்பாற்ற நினைத்தவர். நூறாண்டில் செல்வம் பல மடங்கு பெருகும், வாரம் 15 மணி நேர வேலையே போதும் என்றார். செல்வம் பெருகியது. 2030 வாசலுக்கு வந்துவிட்டது. நம்மில் யாருக்கு 15 மணி நேர வாரம்?

இயந்திரம் தானாக வரும், தோழர்களே. ஓய்வு தானாக வராது. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் இயந்திரத்துக்குச் சொந்தக்காரன் கணக்கில்தான் முதலில் ஏறும். 8 மணி நேர வேலையை எந்த விஞ்ஞானி கண்டுபிடித்தார்? 1886-இல் சிகாகோத் தொழிலாளர்கள் அதற்காக ரத்தம் சிந்தினார்கள். 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கொடி ஏற்றினார். கிடைத்ததையும் திருப்பிக் கேட்கிறார்கள்! 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே முதல் நாளே அது திரும்பப் பெறப்பட்டது. 2025 செப்டம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை தொழிற்சாலைகளில் நாளுக்கு 9 மணியை 12 ஆக்க ஒப்புதல் தந்தது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது என்கிறார்கள். ஓவர்டைம் வரம்பை மட்டும் மூன்று மாதத்துக்கு 115 மணியிலிருந்து 144 ஆக ஏற்றினார்களே, அது யாருக்காக?

வரும் நூறாண்டு அரசியலும் இதைச் சுற்றித்தான். கணினிச் சில்லுகள் சீனாவுக்குப் போகாமல் 2022-இல் அமெரிக்கா தடை போட்டது. நேற்று எண்ணெய்க்குப் போட்ட சண்டை இன்று சில்லுக்கு. செயற்கை அறிவு வந்துவிட்டது. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள்: பெரியார் சொன்ன சட்டைப் பைக் கருவிதான் இன்று அவர்களுக்கு மேஸ்திரி. நிமிடத்தை அது எண்ணுகிறது.

அடுத்த கூட்டத்தில் அந்த 12 மணி நேரத் திருத்தத்தை வரி வரியாகத் தமிழில் வாசிப்போம். ஷிப்டு முடிந்து நேரே வாருங்கள். சம்பளச் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். ஓவர்டைம் எத்தனை மணி எழுதியிருக்கிறார்கள் என்று சேர்ந்தே பார்ப்போம்.